உலு யாம் வேறு, உலு யாம் பாரு வேறு

செரண்டாவிலிருந்து ரயிலில் வடக்கே போனால் அடுத்த நிலையம் பத்தாங் காலி. அதன் சுற்றுவட்டாரத்தில் உலு யாம் லாமா என்று ஓர் ஊரும் உலு யாம் பாரு என்று ஓர் ஊரும் இருக்கின்றன. முன்னது பழைய உலு யாம், பின்னது புதிய உலு யாம். இரண்டும் வேறு வேறு ஊர்கள் என்பதை உலு சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இயந்திரத்துக்குச் சொல்லித்தர வேண்டும். "உலு யாம் என்று தொடங்கும் முகவரிகளை எல்லாம் இந்த வண்டியில் ஏற்று" என்று ஒரு கணினியிடம் சொன்னால், அது லாமாவுக்குரிய பொட்டலத்தையும் பாருவுக்குரிய பொட்டலத்தையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று அறிவிக்கும். அது பொய் சொல்லவில்லை. நாம் சொன்னதை அப்படியே செய்தது. நாம் மனத்தில் நினைத்ததை அது அறியாது.

மாணவர்களே, இந்த வாரம் நான் பேசப்போவது இப்படிப்பட்ட ஒரு சிறிய பிழையைப் பற்றி. நம் வீட்டு ரவுட்டர் போன்ற கருவிகளுக்கு மென்பொருள் தயாரிக்கும் இடத்தில் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டுகிறது. அதைச் சரிசெய்யும் முறையில் நம் எல்லாருக்கும் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பெயரை இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டால், நாம் வழக்கமாகப் பெயரை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது பெயரைப் பொருத்திப் பார்க்கும் விதியை. அந்த விதியை எழுதியவர் ஒரு மனிதர். மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்.

கருவிக்குள் இருக்கும் லினக்ஸ்

லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991ஆம் ஆண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கிய இயங்குதள மென்பொருள் அது. கைப்பேசிகளில் ஓடும் ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமும் அதுதான். ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, கண்காணிப்புக் கேமரா, கார்களின் திரை எனப் பல கருவிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் முதன்முதலாகப் பறந்த நாசாவின் சிறு ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டிக்குள்ளும் லினக்ஸ்தான் இருந்தது. இப்படிக் கருவிக்குள் பொதிந்து வைக்கப்பட்ட லினக்ஸைப் பொதி லினக்ஸ் என்று இக்கட்டுரையில் அழைப்போம்.

இந்தக் கருவிகளின் நினைவகம் மிகச் சிறியது. 2002 இறுதியில் விற்பனைக்கு வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கக்கால வடிவங்களில் வேலை செய்யும் நினைவகம் 16 மெகாபைட். மென்பொருளைச் சேமித்து வைக்கும் இடம் 4 மெகாபைட். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காமல் போகலாம். அவ்வளவு சிறிய கருவிக்குள் உட்கார்ந்து மென்பொருள் தயாரிக்க முடியாது. பெரிய கணினியில் தயாரித்து, பிறகு கருவியில் ஏற்றுவார்கள்.

அந்த ரவுட்டரில் லினக்ஸ் இருந்ததால், உரிம விதிப்படி அதன் மூல நிரலை நிறுவனம் 2003இல் வெளியிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆர்வலர்கள் 2004இல் தொடங்கிய திட்டம்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி. அதற்கு முன்பே, 2001இல், பில்ட்ரூட் என்ற கருவி உருவாகியிருந்தது. 2010இல் லினக்ஸ் அறக்கட்டளை யோக்டோ திட்டத்தை அறிவித்தது. இந்த மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான். நூற்றுக்கணக்கான சிறு மென்பொருள்களின் மூல நிரலைத் திரட்டி, திருத்தங்களைச் சேர்த்து, குறிப்பிட்ட கருவிக்கு ஏற்றபடி மொழிபெயர்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகின்றன. இவற்றை 'பில்ட் சிஸ்டம்' என்பார்கள். நாம் கட்டுமான முறை எனலாம்.

யோக்டோவின் உள்ளே வேலை செய்யும் கருவியின் பெயர் பிட்பேக். பேக் என்றால் ரொட்டி சுடுவது. அதனால் ஒவ்வொரு மென்பொருளையும் எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கோப்பைச் 'சமையல் குறிப்பு' என்றே அழைக்கிறார்கள். பல சமையல் குறிப்புகள் சேர்ந்த கோப்புறை ஓர் 'அடுக்கு'. கேக் அடுக்குகள் போல அடுக்கின்மேல் அடுக்காக வைத்தால் ஒரு முழுக் கருவிக்கான மென்பொருள் கிடைக்கும்.

இங்கேதான் முகவரிச் சிக்கல் தொடங்குகிறது.

பாலும் பால்மரமும்

கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அதைப் பாதை என்கிறோம். /சிலாங்கூர்/செரண்டா/பள்ளி என்று எழுதினால், சிலாங்கூர் என்ற கோப்புறைக்குள் செரண்டா, அதற்குள் பள்ளி என்று பொருள். இடையில் வரும் சாய்கோடுதான் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். நிலத்துக்கு எல்லைக் கல் போல.

கட்டுமான முறை ஆயிரக்கணக்கான பாதைகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்தச் சமையல் குறிப்பு எந்த அடுக்கைச் சேர்ந்தது? இதைச் சேர்ப்பதா, ஒதுக்குவதா? ஒவ்வொன்றையும் மனிதர் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஒரு விதியை எழுதிவைக்கிறார்கள். "இந்த எழுத்துகளில் தொடங்கும் பாதைகள் எல்லாம் என்னுடையவை" என்பது போன்ற விதி.

இரண்டு அடுக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் பெயர் 'பால்', மற்றதன் பெயர் 'பால்மரம்'. பால் அடுக்கின் விதி, "/அடுக்குகள்/பால் என்று தொடங்கும் எல்லாம் எனக்கு" என்கிறது. பால்மரம் என்ற பாதையும் அப்படித்தானே தொடங்குகிறது! பக்கத்து வீட்டுக்காரரின் சமையல் குறிப்புகள் எல்லாம் பால் அடுக்கின் கணக்கில் சேர்ந்துவிடலாம். ஒரே மென்பொருளுக்கு இரண்டு அடுக்குகளில் இரண்டு பதிப்புகள் இருந்தால், எந்த அடுக்குக்கு முன்னுரிமை என்று பார்த்துத்தான் பிட்பேக் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அடுக்கே மாறிப் போனால் தவறான பதிப்பு தேர்வாகலாம்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு எழுத்து. விதியின் கடைசியில் ஒரு சாய்கோடு. "/அடுக்குகள்/பால்/ என்று தொடங்குபவை" என்று எழுதினால், பால் என்ற பெயர் அங்கே முடிந்தாக வேண்டும். பால்மரத்தில் அந்த இடத்தில் 'ம' நிற்கிறது, பொருந்தாது. யோக்டோவின் கையேடுகளில் வரும் அடுக்கு எடுத்துக்காட்டுகள் இப்படிச் சாய்கோட்டில் முடிவதைப் பார்க்கலாம். சில சமையல் குறிப்புகளை ஒதுக்கிவைப்பதற்கான பிபிமாஸ்க் என்ற அமைப்பும் பிட்பேக்கில் உண்டு. அங்கேயும் கையேடு இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது: கோப்புறையின் பெயரைத் தந்தால் கடைசியில் சாய்கோடு போடுங்கள், அப்போதுதான் அந்தக் கோப்புறை மட்டும் பொருந்தும்.

எண்களிலும் இதே கதைதான். 1.2 என்று தொடங்கும் பதிப்புகளுக்கு ஒரு திருத்தம் என்று எழுதினால், 1.2.5 மட்டுமா பொருந்தும்? 1.21ம் பொருந்தும். தோட்டத்து லயத்தில் "1 என்று தொடங்கும் வீட்டுக்குக் கொடு" என்றால் 1ஆம் வீட்டுக்கு மட்டுமா போகும்? 10, 11, 12 எல்லா வீட்டிலும் கதவு தட்டப்படும்.

தமிழ் எழுத்துகளில் ஒரு கூடுதல் வேடிக்கை இருக்கிறது. 'கா' என்பது நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு அது 'க' என்ற குறியும் துணைக்கால் என்ற குறியும் சேர்ந்தது. ஆகவே 'கா' என்ற சொல் 'க' என்று தொடங்குகிறதா என்று கேட்டால், கணினி ஆம் என்கும். 'பால்' என்பது 'பால' என்று தொடங்குகிறதா என்றாலும் ஆம்தான். புள்ளி அதற்குத் தனிக் குறி. உங்கள் வீட்டுக் கணினியில் பைத்தான் இருந்தால் இன்றே கேட்டுப் பாருங்கள். நம் இலக்கணப்படி தவறான விடையை, அது தன் கணக்குப்படி சரியாகச் சொல்லும்.

மூன்று வகை நடத்தை

பொருத்திப் பார்க்கும் விதி தடுமாறும்போது ஒரு மென்பொருள் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். இவற்றை ஒன்றாக எண்ணக் கூடாது என்பது என் கருத்து.

முதலாவது, சரியாகப் பொருத்துவது. இதுவே சிறந்தது.

இரண்டாவது, "என்னால் முடியாது" என்று தொடக்கத்திலேயே சொல்லி நின்றுவிடுவது. யோக்டோவை '+' அல்லது '@' குறி உள்ள பெயர் கொண்ட கோப்புறையில் வைத்துப் பாருங்கள். இந்தக் குறி பாதையில் இருக்கிறது, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்லி நிறுத்திவிடும். இடைவெளி இருந்தாலும் அப்படியே. கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலில் இடைவெளி இருந்தால் பில்ட்ரூட் வேலையைத் தொடங்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி இன்னொன்றையும் சோதிக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறுபடுத்தாத வட்டில் அது கட்ட மறுக்கும். காரணம் உண்டு. லினக்ஸின் மூல நிரலில் பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றுமாக, மற்றபடி ஒரே பெயர் கொண்ட கோப்புகள் இருக்கின்றன. வேறுபடுத்தாத வட்டில் ஒன்று மற்றதை அழித்துவிடும்.

'+' குறியில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். பாதைகளைப் பொருத்துவதற்குப் பலர் பயன்படுத்தும் ஒரு குறிப்பு மொழி உண்டு. அதில் '+' என்றால் கூட்டல் கிடையாது. 'முன்னால் உள்ள எழுத்து ஒன்றோ பலவோ' என்று பொருள். 'அ+ப' என்று எழுதினால் அது 'அப', 'அஅப', 'அஅஅப' ஆகியவற்றுக்குப் பொருந்தும். 'அ+ப' என்ற பெயருக்கு மட்டும் பொருந்தாது. தன் பெயரே தனக்குப் பொருந்தாத விந்தை! 'இந்த இடத்தில் + என்பது வெறும் குறிதான்' என்று விதியில் தெளிவாகச் சொல்லிவிட்டால் சிக்கல் தீரும். ஆனால் நூற்றுக்கணக்கான மென்பொருள்களில் எங்கெங்கே அப்படிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடுவது பெரிய வேலை. அதனால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். இது முழுத் தீர்வு இல்லைதான். ஆனாலும் நேர்மையான பதில்.

மூன்றாவது, தவறாகப் பொருத்திவிட்டு வாய் திறக்காமல் போவது. இதுதான் ஆபத்தானது. 2011இல் மடிக்கணினிகளின் வரைகலைச் சில்லுக்காக எழுதப்பட்ட பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் நிறுவல் நிரலில் இது நடந்தது. ஒரு நீண்ட பாதையை அழிக்கச் சொல்லும் வரியில், பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினி அதை இரண்டு பாதைகளாகப் படித்தது. முதல் பாதை '/யூஎஸ்ஆர்'. ஒரு லினக்ஸ் கணினியின் பெரும்பாலான மென்பொருள்கள் குடியிருக்கும் கோப்புறை அது. நிறுவியவர்களின் கணினியில் அது முழுதும் அழிக்கப்பட்டது. ஓர் இடைவெளியின் விலை அது.

பொதி லினக்ஸில் இதன் விளைவு இன்னும் அமைதியானது. ஒரு பாதுகாப்புத் திருத்தம் தவறான விதியால் ஒதுக்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். கட்டுமானம் தடையில்லாமல் முடியும். கருவி இயங்கும். பெட்டியில் அடைத்துக் கடைக்குப் போய்விடும். ஓட்டை அடைபடாத ரவுட்டர் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் பல ஆண்டுகள் தொங்கும்.

நம் பெயரில் உள்ள சாய்கோடு

இதுவரை சொன்னது எங்கோ இருக்கும் பொறியாளர்களின் பாடு என்று தோன்றலாம். உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் பெயரின் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பதன் சுருக்கம். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பொருள். அதன் நடுவில் நிற்பது சாய்கோடு.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரில் ஏறக்குறைய எந்தக் குறியையும் வைக்கலாம். தமிழ் எழுத்து வைக்கலாம், இடைவெளி வைக்கலாம். வைக்கவே கூடாதவை இரண்டுதான். ஒன்று, சுழியம் என்ற வெற்றுக் குறி. மற்றொன்று சாய்கோடு. ஏனென்றால் அது எல்லைக் கல். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது எடுத்த முடிவு அது. அதை எழுதியவர்கள் மலேசியத் தமிழர்களின் பெயரை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு பள்ளித் திட்டத்தைக் கற்பனை செய்வோம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் மண்ணின் ஈரத்தை அளக்கிறீர்கள். அதிலும் ஓடுவது லினக்ஸ். ஒவ்வொரு மாணவரின் அளவீட்டையும் அவரவர் முழுப்பெயரில் ஒரு கோப்பாகச் சேமிக்க நிரல் எழுதுகிறீர்கள். 'பின்', 'பிந்தி' உள்ள மலாய்ப் பெயர்கள் சேமிக்கப்படும். சீனப் பெயர்களும் சேமிக்கப்படும். 'குமரன் ஏ/எல் ராமன்' என்று வரும்போது, லினக்ஸ் 'குமரன் ஏ' என்ற கோப்புறையைத் தேடும். அதற்குள் 'எல் ராமன்' என்ற கோப்பை வைக்கப் பார்க்கும். அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று பிழை வந்தால் நல்லது; உடனே தெரிந்துவிடும். ஆனால் 'இல்லாத கோப்புறையை நீயே உருவாக்கிக்கொள்' என்று நிரலில் எழுதியிருந்தால் பிழையே வராது. 'குமரன் ஏ' என்ற கோப்புறை சத்தமில்லாமல் பிறந்துவிடும். கடைசியில் கோப்புகளை எண்ணும்போது அந்தப் பிள்ளை மட்டும் எண்ணிக்கையில் இருக்க மாட்டான்.

இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. நிரலைச் சோதித்தவரின் பட்டியலில் சாய்கோடு உள்ள பெயர் ஒன்றுகூட இல்லை, அவ்வளவுதான். இணையப் படிவங்களில் 'பெயரில் செல்லாத குறி உள்ளது' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விமானச் சீட்டிலும் இதே சங்கடம். பயணிகள் பதிவில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கச் சாய்கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் நம் பெயரில் உள்ள சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை.

சாய்கோட்டை அடிக்கோடாக மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இன்றைக்கு அது நடக்கும். நாளைக்கு அந்தக் கோப்பின் பெயரிலிருந்து மாணவரின் பெயரை எடுத்துச் சான்றிதழ் அச்சிடும்போது அடிக்கோடு உள்ள பெயர்தான் அச்சாகும். இங்கே சரியான திருத்தம் வேறு. ஒருவரின் பெயர் வேறு, கோப்பின் முகவரி வேறு என்று பிரித்துவிட வேண்டும். கோப்புக்கு மாணவரின் பதிவெண்ணைப் பெயராக வையுங்கள். முழுப்பெயரை, சாய்கோட்டோடு, கோப்பின் உள்ளே எழுதுங்கள். உள்ளே எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பெயரும் கெடாது, பாதையும் உடையாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லில் உள்ள 'கொ' என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுத முடியும். 'க' உடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது 'க' உடன் ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் தர விதியும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். லினக்ஸ் பொதுவாகக் கோப்பின் பெயரைப் பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை இப்படிப்பட்ட பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த 'கொடி' கோப்பை லினக்ஸில் தட்டச்சு செய்து தேடினால், கண்முன்னே இருக்கும் கோப்பு இல்லை என்று பதில் வரலாம். திருத்தம் என்ன? ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான முறையை யூனிகோட் தரமே வகுத்திருக்கிறது. பைத்தானிலும் அதற்கு ஆயத்தக் கட்டளை இருக்கிறது.

அண்டை வீட்டுச் சோதனை

இப்போது, இப்படிப்பட்ட பிழையைத் திருத்துவது எப்படி என்று பார்ப்போம். அறிவியல் கூடத்தில் நீங்கள் கற்ற முறைதான்.

முதலில், பிழையை மீண்டும் உண்டாக்கிப் பாருங்கள். ஒரு முறை நடந்தது என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. இரண்டாவது, சுருக்குங்கள். ஆயிரம் கோப்புகள் வேண்டாம். 'பால்', 'பால்மரம்' என்று இரண்டு கோப்புறைகள் போதும். அவற்றிலும் பிழை வருகிறதா? வந்தால் காரணம் நெருங்கிவிட்டது. மூன்றாவது, விதி என்ன சொல்கிறது என்பதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "இதில் தொடங்குபவை" என்றா சொல்கிறது, "இதற்குள் இருப்பவை" என்றா? நீங்கள் நினைத்தது இரண்டாவது, எழுதியது முதலாவது என்று அப்போது தெரியும். நான்காவது, எல்லையை எழுதுங்கள்.

ஐந்தாவதுதான் பலரும் விட்டுவிடுவது. பொருந்த வேண்டியது பொருந்துகிறதா என்று சோதிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பொருந்தக் கூடாதது பொருந்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அண்டை வீட்டுச் சோதனை. 'பால்' என்ற விதியை எழுதினால் நான்கு பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். 'பால்' பொருந்த வேண்டும். 'பால்' கோப்புறைக்குள் இருக்கும் கோப்பு பொருந்த வேண்டும். 'பால்மரம்' பொருந்தக் கூடாது. 'பசும்பால்' பொருந்தக் கூடாது. இந்த நான்கும் சரியாக வந்தால்தான் வேலை முடிந்தது. முதல் பெயரைக் கவனியுங்கள். வெறும் 'பால்' என்பதில் கடைசிச் சாய்கோடு இல்லை. எனவே சாய்கோட்டோடு எழுதிய விதி அதை விட்டுவிடக்கூடும்! ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்றை உண்டாக்குவது இப்படித்தான். 'பெயர் முடிய வேண்டும், அல்லது சாய்கோடு வர வேண்டும்' என்று இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

அறிவியல் சோதனையில் கட்டுப்பாட்டு அமைவு வைக்கிறோமே, ஏன்? ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும் என்று காட்ட, இருட்டில் ஒரு செடியை வைக்கிறோம். இருட்டில் வைத்த செடியின் இலையிலும் அயோடின் கருநீலமாக மாறினால் நம் முடிவில் கோளாறு. 'பால்மரம்' தான் இங்கே இருட்டில் வைத்த செடி.

அறிவியல் கண்காட்சிகளில் இயங்கும் ரோபோவுக்கும் எரியும் விளக்குக்கும் மதிப்பெண் தருகிறோம். "இது எப்போது இயங்கக் கூடாது? அதைச் சோதித்தாயா?" என்று எந்த நடுவராவது கேட்கிறாரா? கேட்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண் தர வேண்டும் என்பது ஆசிரியர் என்ற முறையில் என் கோரிக்கை. செரண்டாவின் தொழிற்பேட்டையில் விமான இயந்திரத்தின் விசிறி உறையையே தயாரிக்கிறார்கள். பக்கத்தில் சுங்கை சோவில் கார் தொழிற்சாலை இருக்கிறது. நம் பிள்ளைகள் நாளைக்கு நுழையப் போகும் உலகம் அது. பொருந்தக் கூடாதது பொருந்தவில்லை என்று உறுதிசெய்வது அந்த உலகத்தில் அன்றாட வேலை.

இதற்கு மாற்றுக் கருத்தும் உண்டு. "இத்தனை பாடு எதற்கு? கோப்புக்கு ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வைத்தால் எல்லாம் ஓடுமே" என்பார்கள். இன்று இரவுக்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால் நானும் அதையே சொல்வேன். அதில் தவறில்லை. ஆனால் அது உங்கள் ஒருவரின் வேலையை மட்டும் நகர்த்தும். அடுத்து வருபவர் அதே பள்ளத்தில் விழுவார். விதியைத் திருத்தினால் எல்லாருக்கும் வழி திறக்கும். பில்ட்ரூட், யோக்டோ, ஓப்பன்டபிள்யூஆர்டி மூன்றின் மூல நிரலும் வெளிப்படையானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிழையைச் சுட்டிக்காட்டலாம், திருத்தம் அனுப்பலாம். அனுப்புபவரின் வயதை அந்த நிரல் கேட்பதில்லை. ஒரு சாய்கோடு சேர்க்கும் திருத்தமாக இருந்தாலும், காரணமும் சோதனையும் தெளிவாக இருந்தால் ஏற்பார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நீங்களோ உங்கள் பள்ளிக் கணினி மன்றமோ எழுதிய ஏதாவது ஒரு நிரலை எடுங்கள். அதற்கு ஐந்து பெயர்களைக் கொடுங்கள்: இடைவெளி உள்ள ஒன்று, '+' உள்ள ஒன்று, தமிழில் ஒன்று, 'உலு யாம்' போலவே தொடங்கி மேலும் நீளும் ஒன்று, நடுவில் சாய்கோடு உள்ள ஒன்று. என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சரியாகப் பொருத்தியதா, முடியாது என்று சொல்லி நின்றதா, ஒன்றும் சொல்லாமல் தவறு செய்ததா? மூன்றாவது வகை ஒன்றாவது கிடைத்தால், திருத்த வேண்டிய விதி எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.